பெராப்பா கிலோ

ஜெலுத்தோங் அடுக்குமாடி, ஒன்பதாவது தளம்,
மணி இரண்டு இருபது.
நாலாவது தடவையாக வாந்தி எடுத்தாள் ஷினி.
என் சட்டையில் பித்தான் பித்தானாக இறங்கியது
சாயங்காலம் தின்ற வாழைப்பழம்.

பிரமிளாவுக்கு பாயான் லெப்பாஸில் இரவு ஷிஃப்ட்.
கைப்பேசி லாக்கருக்குள் கிடக்கும்.
தொழிற்சாலையில் எறும்புக்கால் அளவு எழுத்தைப்
பூதக்கண்ணாடியில் வாசிப்பவள் அவள்.
பிஸ்கட் டின்னில் நான் கண்டெடுத்த மாத்திரை அட்டையில்
அப்படித்தான் இருந்தது எழுத்து,
அதிலும் பாதி கிழிந்து.

போன வருடம் நண்டு ஒத்துக்கொள்ளாமல்
நான் சுருண்டு கிடந்தபோது கொடுத்தது.
மூன்று மிச்சம்.
வெள்ளை, சின்னது, நடுவில் ஒரு கோடு,
உடை உடை என்பதுபோல.
அப்பனுக்கு ஒன்று என்றால் மகளுக்குப் பாதி.
பாதி அதிகமென்றால் கால்.
பழைய பேப்பர் லோரிக்காரனுக்கா கணக்கு வராது?

நகத்தைக் கோட்டில் வைத்தேன்.

அர்ச்சுணன் மகன் நினைவுக்கு வந்தான்.
என்னோடு அட்டைப்பெட்டி மிதிக்கிறவன் அர்ச்சுணன்.
அவன் மனைவிக்கு மசக்கையில் கொடுத்த மாத்திரையைத்
தேனில் குழைத்துப் பையனுக்கு ஊட்டினார்கள்.
வாந்தி நின்றது.
பிறகு கழுத்து ஒரு பக்கம் திரும்பியது,
திரும்பியது திரும்பியபடியே.
கண் இரண்டும் கூரைக்குப் போய்விட்டன.
பக்கத்து வீட்டில் காத்துக் கருப்பு என்றார்கள்,
எலுமிச்சம்பழம் அறுத்தார்கள்.
ஆஸ்பத்திரியில் மருந்தின் வேலை என்றார்கள்,
ஓர் ஊசியில் கழுத்து நேரானது.
பையன் இப்போது ஓடித் திரிகிறான்.
அர்ச்சுணன்தான்
எந்தப் பெட்டியையும் மெதுவாக மிதிக்கிறான்.

நகத்தை எடுத்தேன்.

இருபத்துநாலு மணி நேரக் கிளினிக்.
டாக்டர் ஹயாத்தி தலை நிமிராமல் கேட்டார்:
"பெராப்பா கிலோ?"

எத்தனை கிலோ.
பதினைந்து வருடமாக ஊரார் வாசலில்
என்னை ஊர் கேட்கும் கேள்வி.
நாளிதழ் இருபத்தாறு, அட்டை பதினெட்டு,
பால்டின் மூன்றரை என்று
முள் நிற்குமுன்னே சொல்லிவிடுவேன்.
என் மகள் எத்தனை என்று
எனக்குத் தெரியவில்லை.

தட்டில் உட்கார வைத்தார்கள்.
பதினொன்று புள்ளி நாலு.
கயிறு போட்ட ஒரு கட்டுப் பேப்பர்,
அவ்வளவுதான் அவள்.
எண்பத்துமூன்று கிலோவுக்குக் கொடுத்த மாத்திரை
என் சட்டைப்பையில் கனத்தது.

எடுத்து மேசைமேல் வைத்தேன்,
களவில் பிடிபட்டவன் மாதிரி.
பெயரைப் படித்தார். தேதியைப் படித்தார்.
"கொடுத்தாயா?"
"இல்லை டாக்டர்."
மாத்திரைக்குப் பதிலாக
என் குரல் உடைந்தது.
அட்டையை அவரே வைத்துக்கொண்டார்.

வயிற்றை அழுத்தினார், நாக்கைப் பார்த்தார்,
தோலைக் கிள்ளி விட்டார்.
வாந்திக்கு மருந்து எழுதவில்லை.
எழுதாததற்குத்தான் நிறைய நேரம் பேசினார்.
உப்புத்தூள் பாக்கெட், ஊசியில்லாத சிரிஞ்ச்.
ஐந்து மில்லி. ஐந்து நிமிடம். மறுபடி ஐந்து.
தாகமென்று அழுவாள், டம்ளரைக் கையில் கொடுத்துவிடாதே.
பச்சையாக வந்தாலோ, ரத்தம் தெரிந்தாலோ,
எழுப்பியும் எழாமல் துவண்டாலோ,
எட்டு மணி நேரம் மூத்திரம் இல்லையென்றாலோ
இங்கே வந்து நிற்காதே,
நேராகப் பெரிய ஆஸ்பத்திரி.

சமையலறைத் தரை. சுவர்க்கடிகாரம்.
சிரிஞ்ச்.
கடிகாரம்.
சிரிஞ்ச்.
ஒரு தடவை கக்கினாள். பத்து நிமிடம் விட்டு
ஒன்றிலிருந்து தொடங்கினேன்.
பாலத்துப் பக்கம் வானம் வெளுத்தபோது
என் மடியிலேயே தூங்கிப்போனாள்,
மூக்கைத் தொட்டால் சிணுங்குகிற தூக்கம்.
தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

எட்டு மணிக்குப் பிரமிளா கதவைத் திறந்தாள்.
நடுவீட்டில் நான்,
உள்ளங்கையில் ஒரு பெம்பர்ஸ்.
"என்ன இது?"
"தூக்கிப் பார்."
"பைத்தியமா உனக்கு?"
"தூக்கிப் பார் பிரமிளா.
இருநூறு கிராம் வரும்."